ஜிப் சரியில்லை

பைக்கில் போட்டுக்கொள்ள ஆன்லைனில் முதலில் வாங்கிய மழை சூட்டை, ஜிப் சரியில்லை என்று திருப்பி அனுப்பினோம். சரியில்லை என்றது என் கணவர். திருப்பி அனுப்ப, போனில் அந்தக் காரணத்தைத் தேடித் தொட்டது நான். அடுத்த நாள் வந்த கூரியர்காரர் வாசலில் நின்றபடியே ஜிப்பை ஒருமுறை மேலும் கீழும் இழுத்துப் பார்த்தார். வழுக்கிக்கொண்டு போய் வந்தது.

"நல்லாத்தான இருக்குது?" என்றார்.

"போட்டுப் பாத்தா மக்கர் பண்ணுதுங்க" என்றேன்.

அவர் சூட்டைச் சுருட்டித் தன் பைக்குள் திணித்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விட்டார். அவர் இழுத்தபோது அந்த ஜிப் எழுப்பிய சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் காதில் இருந்தது. முந்தின நாள் சாயந்திரம் எங்கள் ஹாலில் அந்தச் சத்தம் ஒருமுறைகூட முழுதாகக் கேட்கவில்லை.

மகள் படித்து முடித்து வெளியூரில் வேலைக்குப் போன பிறகு, வீடு திடீரென்று பெரிதாகிவிட்டது. டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் அப்படிச் சொல்லவே கூடாது, இருப்பது இரண்டு அறை. ஆனாலும் பெரிதாகத்தான் இருந்தது. அந்த வருஷம்தான் என் கணவர் ஒரு பெரிய பைக் வாங்கினார். அவருக்கு மைன்ஸில் வேலை. மண்ணை வாரிக் குவிக்கும் ராட்சத இயந்திரங்களைப் பழுது பார்க்கும் பிரிவு. நான் டவுன்ஷிப்பிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். இத்தனை வருஷமும் ஸ்கூட்டரில் பஜாருக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய் வந்தவர்கள், ஐம்பதை ஒட்டிய வயசில் ஊர் ஊராகச் சுற்ற ஆரம்பித்தோம்.

எதையும் முறையாகச் செய்கிறவர் அவர். பைக் வாங்கின கையோடு, தோளிலும் முழங்கையிலும் முதுகிலும் அடி தாங்கும் கெட்டியான கார்டு வைத்த ஜாக்கெட், முழங்காலில் கார்டு வைத்த பேன்ட், கணுக்கால் மூடும் பூட்ஸ், கையுறை, ஹெல்மெட் எல்லாம் இரண்டு செட் வந்தது. ஒரு செட் எனக்கு. முதல் நாள் அதைப் போட்டுக்கொண்டு படியிறங்கியபோது எதிர் வீட்டம்மா கோலப்பொடிக் கிண்ணத்தோடு அப்படியே நின்றுவிட்டார். "டீச்சர், எந்தப் பார்டருக்குக் கெளம்பிட்டீங்க?" என்றார். எனக்கு வெட்கமாக இருந்தது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. செஞ்சிக்குப் போனோம், தரங்கம்பாடிக்குப் போனோம். ஏலகிரி வளைவுகளில் அவர் முதுகில் ஹெல்மெட்டை முட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டேன்.

அரையாண்டு லீவில் கடலோரமாகவே தனுஷ்கோடி வரைக்கும் போவது என்று முடிவு செய்தோம். அது மழை ஓயாத மாசம். எங்கள் ஜாக்கெட் காற்று புகுவதற்காக வலை வலையாகத் தைத்தது, தூறலுக்கே நனைந்துவிடும். ஆகவே, எல்லாவற்றுக்கும் மேலே போட்டுக்கொள்ள ஒரு மழை சூட் வேண்டும்.

லீவு நாளெல்லாம் அவர் அதைப் பற்றியே வீடியோ பார்த்தார். பார்த்துவிட்டு எனக்குப் பாடம் எடுத்தார். உட்காரும் இடத்தில் தையல் வரவே கூடாது, தண்ணீர் அங்கேதான் குளம் கட்டும். தையல்களின் உள்பக்கம் டேப் ஒட்டியிருக்க வேண்டும். சைலன்ஸர் பக்கத்துக் காலில் சூடு தாங்குகிற துணி வேண்டும், இல்லையென்றால் உருகி ஒட்டிக்கொள்ளும். கறுப்பு வாங்கவே கூடாது. மழையில் நிலக்கரிச் சாம்பல் லாரிக்காரனுக்குக் கறுப்பும் ரோடும் ஒன்றுதான்.

"நம்ம சைஸுக்கு வாங்கக் கூடாது பாத்துக்க" என்பார். "கார்டெல்லாம் போட்டப்புறம் உள்ள நிக்கிறது வேற ஆளு. அந்த ஆளுக்குத்தான் வாங்கணும்."

அந்த முதல் சூட் உடம்பு முழுக்க ஒரே துண்டாக இருந்தது. ஹாலில் நின்று ஜாக்கெட், பேன்ட், பூட்ஸ் எல்லாம் போட்டு, அதற்குமேல் அதைப் போட்டார். ஜிப்பின் அடிநுனியைக் கொக்கியில் செருக வேண்டும். அவர் நேராக என்னைப் பார்த்தபடி, குனியாமல், கையால் தடவித் தடவிச் செருகப் பார்த்தார். நழுவியது. மறுபடியும் செருகினார். மறுபடியும் நழுவியது. நெற்றியில் வியர்வை பூத்துவிட்டது.

"குனிஞ்சு பாத்துப் போடுங்களேன்" என்றேன்.

"குனிஞ்சா கழுத்துல என்னமோ பண்ணுது. ஹெல்மெட் போட்டுப் போட்டு வந்த வலி" என்றார். பிறகு சலிப்போடு கையை உதறினார். "ஜிப் சரியில்ல. திருப்பி அனுப்பிடு."

நான் நம்பினேன். இயந்திரத்தைப் பார்த்ததும் எது சரியில்லை என்று சொல்கிற மனிதர் அவர். வீட்டில் மிக்ஸி நின்றாலும் ஃபேன் முனகினாலும் அவர் வாய் திறந்து சொன்னால் அதுதான். ஒரு ஜிப்பைப் பற்றி அவர் சொன்னதை நான் ஏன் சந்தேகப்பட வேண்டும்?

இரண்டாவது சூட் கடலூரில் வாங்கினது. சட்டை தனி, பேன்ட் தனி. கடையில் அவசரத்தில் மேல்சட்டையை மட்டும் தோளில் வைத்துப் பார்த்துவிட்டு எடுத்து வந்தோம். வீட்டுக்கு வந்து எல்லாம் போட்டுக்கொண்டு பேன்ட்டில் கால் விட்டார். பூட்ஸோடு கால் உள்ளே போவதற்காகக் கணுக்கால் பக்கம் நீளமாகத் திறக்கிற மாதிரி வைத்திருந்தார்கள். வலது காலை விட்டுவிட்டார். இடது காலைத் தூக்கினார். காற்றில் அந்தக் கால் பேன்ட் வாயைத் தேடியது. ஒருபக்கம் போய் இடித்தது, விலகியது, துணியை மிதித்தது. சாய்ந்தார். ஃப்ரிட்ஜைப் பிடித்துக்கொண்டார். உள்ளே பாட்டில்கள் ஒன்றோடொன்று மோதின.

"பாத்துங்க!"

"பேன்ட் வாய் சின்னது. எவன் அளவெடுத்தானோ."

உட்கார்ந்து போடச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. "ரோட்டோரம் மழையில நின்னுட்டு மாட்டறதுக்குத்தான இது? அங்க நாற்காலி கொண்டுவந்து போடுவாங்களா?" என்று சத்தம் போட்டார். ஒரு பேன்ட்டுக்கு இவ்வளவு சத்தமா என்று எனக்குத் தோன்றியது. சத்தம் போட்ட பிறகு அவர் என் கண்ணைப் பார்க்கவில்லை. சூட்டை உருட்டி அலமாரியின் அடித்தட்டில் தள்ளினார். அதற்கான பையில்கூடப் போடவில்லை. எதையும் மடித்து வைக்காமல் விடுகிறவர் அல்ல அவர்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. அந்த வருஷம் நாள் தவறாமல் பெய்தது. மரங்கள் சாலையின் மேல் கவிந்து, பகலிலேயே குவார்ட்டர்ஸ் பிளாக்குகள் இருண்டு கிடந்தன. மழைக்காலத்தில் மைன்ஸில் வேலை கூடிவிடும். குழிக்குள் இறங்கும் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும், ஈர மண் இயந்திரங்களில் அப்பிக்கொள்ளும். ஷிப்ட் முடிந்து அவர் வரும்போது, உடம்பை யாரோ முறுக்கிப் பிழிந்து காயப்போட்ட மாதிரி வருவார். நடையில் ஒரு விறைப்பு இருந்தது. பூட்ஸுக்குள் தண்ணீர் போய்விட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன்.

மூன்றாவதாகப் புதுச்சேரிக்குப் போனோம். பைக்கில் ஊர் சுற்றுகிறவர்களுக்கென்றே சாமான் விற்கும் கடை அங்கே இருந்தது. மழை வருமென்று பஸ்ஸில் போனோம், எங்கள் உடுப்பெல்லாம் பெரிய பையில் எடுத்துக்கொண்டு. கடைக்காரருக்கு முப்பத்தைந்து வயசு இருக்கும். பொறுமையான ஆள். எடுத்துப்போட்டுக்கொண்டே இருந்தார்.

என் கணவர் ஒவ்வொன்றிலும் ஒரு குறை கண்டார். இதில் வெல்க்ரோ பிடிக்கவில்லை. அதில் பட்டன் ரொம்பச் சின்னது. இன்னொன்றில் கைப்பக்க எலாஸ்டிக் கையுறையை உள்ளே விட மாட்டேன் என்கிறது. மேஜைமேல் மஞ்சளும் ஆரஞ்சும் பச்சையுமாகச் சூட்டுகள் குவிந்தன. கடைசியில் ஒரு மஞ்சள் சூட்டைப் போட்டுக்கொண்டு, வழக்கம்போல் குனியாமல் ஜிப்பைத் தடவிக்கொண்டிருந்தார். கடைக்காரர் சட்டென்று முன்னால் வந்து, இரண்டு விரலால் நுனியைச் செருகி, ஒரே இழுப்பில் கழுத்து வரை ஏற்றிவிட்டார்.

"அவ்ளோதான் சார்."

என் கணவர் கண்ணாடியில் தன்னைப் பார்த்தார்.

அவர் சூட்டைக் கழற்ற உள்ளே போன சமயம், கடைக்காரர் குவிந்ததை மடித்தபடியே என்னிடம் தணிந்த குரலில் கேட்டார்: "அக்கா, தப்பா நெனைக்காதீங்க. சாருக்குக் கையில எதனா அடிபட்டுச்சா?"

"இல்லையே. ஏன்?"

"இல்ல, நானும் பாத்துகினே இருக்கேன். வெரலு ஒண்ணொண்ணும் தனியா வரமாட்டேங்குது. மொத்தமா கொத்தா வருது. புடிச்சா வுடறதுக்கு நேரமாவுது." என் முகத்தைப் பார்த்துவிட்டு உடனே சொன்னார்: "ஏசி குளிரா இருக்கும்க்கா."

ஏசி அப்படியொன்றும் குளிரவில்லை.

அந்த மஞ்சள் சூட்டைத்தான் எடுத்தோம். ஜிப் நுனியில் பிடித்து இழுக்க வாகாக ஒரு பெரிய வளையம் கோத்துத் தரச் சொன்னார் என் கணவர். கையுறை போட்டுக்கொண்டு இழுக்க வேண்டுமே, அதற்காக என்று கடைக்காரரிடம் விளக்கினார். அவர் கேட்காமலேயே விளக்கினார். திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு நெல்லிக்குப்பம் வரும்வரை வெளியே பார்த்தபடியே வந்தார். நான் அவருடைய கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பையின் மேல் சாதாரணமாகத்தான் கிடந்தன.

அந்த வாரம் அவருக்குப் பகல் ஷிப்ட். எனக்குப் பள்ளிக்கூடம் மழை லீவு விட்டார்கள். மத்தியானம் சமையலை முடித்துவிட்டு அலமாரியின் அடித்தட்டிலிருந்து கடலூர் சூட்டை எடுத்தேன். அவருடைய ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டேன். அவருடைய ரைடிங் பேன்ட்டையும் போட்டேன். இரண்டு ஜோடி சாக்ஸ் மாட்டி அவருடைய பூட்ஸுக்குள் கால் விட்டேன். எனக்கு எல்லாம் தொளதொளவென்றிருந்தது. ஆனால் பூட்ஸ் அவருடைய பூட்ஸ்தான். அளவு அவருடைய அளவுதான்.

நின்றபடி வலது காலை விட்டேன். போனது. இடது காலை விட்டேன். பூட்ஸின் முனை துணியை உரசிக்கொண்டு வழுக்கி இறங்கியது. பேன்ட் வாய் சின்னதில்லை. இன்னொரு பூட்ஸும் சேர்ந்து போகும் அளவுக்கு இடம் இருந்தது. மேல்சட்டையைப் போட்டு ஜிப்பைச் செருகினேன். ஏறியது. வெல்க்ரோவை அழுத்தினேன். பிடித்துக்கொண்டது.

ஹால் கண்ணாடியில் அவர் அளவுக்கு ஓர் ஆள் நின்றுகொண்டிருந்தது. மழை ஓட்டில் விழுந்துகொண்டிருந்தது. எனக்கு எதையும் கழற்றத் தோன்றவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்தேன்.

ஒவ்வொன்றாக வந்தது. பட்டன் சட்டையை விட்டுவிட்டு எப்போதும் டி-ஷர்ட் போட ஆரம்பித்திருந்தார், வயசுக்கேற்ற கோலமா இது என்று நானே கிண்டல் செய்திருக்கிறேன். டபரா வேண்டாம், கைப்பிடி வைத்த மக்கில் காபி கொடு என்றார். செருப்பு காலிலிருந்து கழன்று கழன்று வழியில் கிடக்கும். செல்போனில் டைப் அடிப்பதை விட்டு, வாயால் பேசி அனுப்புவார். படியிறங்கும்போது சுவரில் உள்ளங்கையை ஓட்டிக்கொண்டே இறங்குவார். எதுவுமே பெரிய விஷயமில்லை. ஒவ்வொன்றையும் நான் பார்த்திருந்தேன்.

அவர் ஷிப்ட் முடிந்து வந்து, குளித்து, காபி குடித்து முடிக்கும் வரை காத்திருந்தேன். பிறகு கேட்டேன்: "என்னங்க, கையில என்ன பண்ணுது?"

"ஒண்ணும் பண்ணல."

"கடலூர் சூட்ட நான் போட்டுப் பாத்தேன். ஒங்க பூட்ஸோட. நல்லாப் போவுது."

அவர் வெகுநேரம் மக்கின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"விரல் நுனில ஒரு மரமரப்பு. அவ்வளவுதான்" என்றார். "கிளவுஸ் போட்டுக்கிட்டே தொடற மாதிரி. குளிருக்குத்தான்னு நெனச்சேன். குனிஞ்சா கழுத்துலேர்ந்து முதுகு வரைக்கும் சுருக்குன்னு ஷாக் அடிக்கும். உடனே போயிடும்."

"எத்தனை நாளா?"

"தெரியல."

"டாக்டர்ட்ட போவோம்."

"திங்கக்கிழமை போவோம். சத்தியமா. ஞாயித்துக்கிழமை மட்டும் இந்த மஞ்சள் சூட்ட ஒரு தடவ மழையில போட்டுப் பாத்துடலாம். தண்ணி எறங்குதான்னு தெரியணுமில்ல? திருப்பிக் கொடுக்கறதுன்னா இந்த வாரத்துக்குள்ள கொடுக்கணும்."

சிறுபிள்ளை பேரம் மாதிரி இருந்தது. ஆனால் அவர் முகத்தில் விளையாட்டு இல்லை. கையில் மரமரப்பு என்றுதான் சொன்னார். கால் விஷயத்தை அவர் சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் தெரியவில்லை. தனியே விட்டால் தனியே போய்விடுவார் என்பதால், நானும் வருகிறேன் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை நல்ல மழை. டவுன்ஷிப் ஆர்ச் கேட் தாண்டி வடலூர் வழியாகக் குறிஞ்சிப்பாடி வரை போய்த் திரும்புவதாக ஏற்பாடு. வீட்டு வாசலிலேயே அவருடைய ஜிப்பை நான்தான் ஏற்றிவிட்டேன். அவர் தடுக்கவில்லை. எனக்கும் அதே கடையில் எடுத்த ஆரஞ்சு சூட். இரண்டு பேரும் ஏறினோம்.

சூட் நன்றாகவே இருந்தது. அதை இப்போதும் சொல்வேன். மேலே தண்ணீர் சடசடவென்று அடித்தது, உள்ளே ஒரு சொட்டு இறங்கவில்லை. ஹெல்மெட்டுக்குள் என் மூச்சுச் சத்தமும் துணியில் மழை அறையும் சத்தமும் மட்டும்தான். அவரை இடுப்பில் பிடித்திருந்தேன். வழக்கமாக, கியர் மாற்றும்போது அவர் உடம்பில் ஒரு சின்ன அசைவு வரும், அதை வைத்தே வண்டி வேகம் எடுக்கப்போகிறதா தணியப்போகிறதா என்று எனக்குத் தெரியும். அன்று அந்த அசைவும் வண்டியும் ஒன்றோடொன்று சேரவில்லை. அவர் உடம்பு முதலில் அசைந்தது, வண்டி பிந்தித்தான் கேட்டது.

வடலூர் கூட்டத்தில் வண்டி இரண்டு தடவை திணறி நின்றது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். "போதும், திரும்பிடலாங்க!" என்று கத்தினேன். அவர் தலையாட்டினார். முன்னால் ஒரு நல்ல இடம் பார்த்துத் திருப்புகிறேன் என்பதுபோல் கையைக் காட்டினார்.

குறிஞ்சிப்பாடிக்கு முன்னால் இரண்டு பக்கமும் வயல். ரோட்டில் தண்ணீர் தகடு மாதிரி நின்றது. எங்களுக்கு முன்னால் போன டவுன் பஸ் ஓர் ஆள் கை காட்டியதும் நின்றது. அதன் பின்பக்கச் சிவப்பு விளக்கு மழையில் பெரிதாகிக்கொண்டே வந்தது. வண்டி தணியவில்லை. அவர் உடம்பு இறுகுவது என் கையில் தெரிந்தது. பிரேக் பிடிக்கிறார் என்று நினைத்தேன். சிவப்பு இன்னும் பெரிதானது. கடைசி நேரத்தில் ஹேண்டில் பாரை இடது பக்கம் ஒடித்தார். தார் போய்ச் சேறு வந்தது. வண்டி வழுக்கி, எங்களைக் கொஞ்சதூரம் இழுத்துக்கொண்டு போய், வரப்பு ஓரம் சாய்ந்தது.

விழுந்தது மெதுவாகத்தான். நான் சேற்றில் புரண்டு எழுந்துவிட்டேன். அவர் மல்லாந்து கிடந்தார். வண்டி அவர்மேல் இல்லை. ரத்தம் எங்கும் இல்லை. ஆனால் அவர் எழுந்திருக்கவில்லை. கையை ஊன்றுவார், கை போய் வேறெங்கோ ஊன்றும், சரிவார். மஞ்சள் சூட்டுக்குள் அவர் அப்படிப் புரண்டது என் கண்ணை விட்டு இன்னும் போகவில்லை.

வயலில் இருந்தவர்கள் ஓடி வந்தார்கள். உரச்சாக்கை மடித்துத் தலையில் கொங்காணி போட்டிருந்த ஓர் அம்மா முதலில் வந்தார். "அடி கிடி பட்டுச்சாம்மா?" என்று கேட்டபடியே என் கணவர் பக்கத்தில் மண்டியிட்டார். "இம்மாம் உடுப்பப் போட்டுகினு எப்பிடி எழுந்திருப்பாரு? கழட்டு, கழட்டு." சேறு அப்பிய விரலால் அந்த வளையத்தைத் தேடிப்பிடித்து இழுத்தார். பஸ் டிரைவரும் இறங்கி வந்தார். நாலு பேர் சேர்ந்து தூக்கி, ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த டீக்கடைக்குக் கூட்டிப்போய் பெஞ்சில் உட்கார வைத்தார்கள்.

டீயை அவர் கையில் கொடுக்க வேண்டாம் என்று ஜாடை காட்டினேன். நானே பிடித்துக்கொண்டேன். இரண்டு வாய் குடித்த பிறகு அவர் எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்:

"நான் பிரேக்க மிதிச்சேன்மா. நல்லா அழுத்தித்தான் மிதிச்சேன்."

"சரி, விடுங்க."

"இல்ல, கேளு. மிதிச்சேன்னுதான் நெனச்சேன். வண்டி நிக்கல. அப்பதான் சந்தேகம் வந்துச்சு, கால் பிரேக் மேலதான் இருக்கா இல்லையான்னு. எனக்குத் தெரியல. கால் எங்க இருக்குன்னே எனக்குத் தெரியல."

கடைக்குள் யாரோ மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் சில்லிட்டுவிட்டது. சூட்டுக்குள் நான் நனையவே இல்லை.

அன்று சாயந்திரம், அவரோடு ஒரே ஷிப்டில் வேலை செய்யும் நண்பர் சேதி கேள்விப்பட்டு வந்தார். என் கணவர் தூங்குவதைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்று தயங்கினார். "அண்ணி, ஒங்ககிட்ட சொல்றதா வேணாமான்னு ரொம்ப நாளா… அண்ணன் மிஷின் ஏணில ஏறறப்ப ரெண்டு மூணு தடவ கால் வெக்கிற எடம் தப்பிடுச்சு. அதுலேர்ந்து நாங்க யாராவது ஒருத்தர் கீழ நின்னுக்குவோம். அவருக்குத் தெரியாம."

மழையில் ஈரமாகிக் கிடக்கும் இரும்பு ஏணி. அதன் உயரம் எனக்குத் தெரியும், குடும்பத்தோடு சுற்றிப் பார்க்க அனுமதித்த ஒரு நாளில் நானே நிமிர்ந்து பார்த்து மலைத்திருக்கிறேன். "மேல போறப்ப?" என்று கேட்டேன். நண்பர் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

திங்கட்கிழமை டாக்டரிடம் போனோம். அவர் சின்ன சுத்தியலால் முழங்காலில் லேசாகத் தட்டினார். கால் எகிறியது, டாக்டரின் மேஜையில் இடித்தது. கையை வேகமாக மூடித் திறக்கச் சொன்னார். என் கணவர் மூடினார், திறப்பதற்கு விரல்கள் ஒவ்வொன்றாக யோசித்தன. பிறகு படுக்கச் சொல்லி, வலது கால் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டார்.

"கண்ண மூடிக்குங்க. நான் விரல மேல தூக்கறேனா, கீழ எறக்கறேனான்னு சொல்லுங்க."

டாக்டர் விரலைக் கீழே இறக்கினார்.

"மேல" என்றார் என் கணவர்.

மறுபடியும் கீழே இறக்கினார்.

"மேல சார்."

தயக்கமே இல்லாமல் சொன்னார். ஃபேன் முனகினால் என்ன காரணம் என்று சொல்வாரே, அதே குரலில். டாக்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்துக்கொண்டேன். கண்ணைத் திறந்ததும் "கரெக்டா?" என்று கேட்டார் அவர்.

ஸ்கேன் எடுத்தார்கள். கழுத்து எலும்புகளுக்கு நடுவில் இருக்கும் தட்டு பின்பக்கம் பிதுங்கித் தண்டுவடத்தை நெரித்துக்கொண்டிருந்தது. படத்தில், வெள்ளையாக ஒழுகி வரும் ஒரு கோடு ஓரிடத்தில் மட்டும் நூலாகிவிடுகிறது. சென்னைக்கு அனுப்பினார்கள். அங்கே பார்த்த டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "அன்னிக்கு வண்டியிலேர்ந்து இன்னும் கொஞ்சம் வேகமா விழுந்திருந்தா கழுத்துக்குக் கீழ ஒண்ணுமே இருந்திருக்காது. ஆபரேஷன் பண்ணி இதுக்குமேல மோசமாகாம தடுக்கலாம். போனதுல எவ்வளவு திரும்பும்னு நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்."

அரையாண்டு லீவு முழுக்க அந்த ஆஸ்பத்திரியில் இருந்தோம். மகள் லீவு போட்டு வந்து எங்களோடு இருந்தாள். ஆபரேஷனுக்கு முந்தின நாள், கையெழுத்து வாங்க வந்தவரிடம் என் கணவர் பேனாவை வாங்கிக்கொண்டு வெகுநேரம் வைத்திருந்தார். பிறகு என்னிடம் நீட்டினார். "நீயே போடு. என் கையெழுத்து எனக்கே அடையாளம் தெரியல."

ஆபரேஷன் நன்றாக நடந்தது என்றார்கள். ஷாக் அடிப்பது நின்றுவிட்டது. வலது கை ஓரளவு திரும்பிவிட்டது. இடது கையில் இன்னும் அந்தக் கையுறை உணர்ச்சி இருக்கிறது. கழுத்து எலும்பில் தகடு வைத்து இணைத்திருப்பதால் முழுசாகக் குனிய முடியாது. மைன்ஸிலிருந்து மாற்றி ஸ்டோர்ஸில் உட்கார்ந்து பார்க்கிற வேலை கொடுத்திருக்கிறார்கள். பைக்கை அவருடைய ஷிப்ட் நண்பர் ஓட்டிப்போனார். அன்று என் கணவர் அறைக்குள் இருந்தார், வெளியே வரவில்லை.

போன மாசம் செக்கப்புக்குப் போனோம். புதுப் படத்தை விளக்கில் மாட்டிவிட்டு டாக்டர் கிட்டே போய்ப் பார்த்தார். பிறகு, தகடு வைத்த இடத்துக்குக் கீழே விரலை வைத்தார். "இங்கயும் தேய்மானம் தெரியுது. இப்ப ஒண்ணும் செய்ய வேணாம். பாத்துகிட்டே இருக்கணும்."

எதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன்.

"வீட்டுல நீங்க பாப்பீங்களே, அதையெல்லாம்தான்" என்றார்.

இப்போது மறுபடியும் மழை. காலையில் கம்பெனி பஸ் எங்கள் தெரு முனைக்கு வருகிறது. நான் குடை பிடித்துக்கொண்டு கூடவே போய் நிற்கிறேன். பள்ளிக்கூடத்துக்கு அந்த வழிதான் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன், அது சுற்றுவழி என்று அவருக்குத் தெரியும். பஸ் நின்றதும் அவர் கம்பியைப் பிடித்து, இடுப்பிலிருந்து உடம்பை மொத்தமாகச் சாய்த்துப் படிக்கட்டைப் பார்க்கிறார். பிறகு காலைத் தூக்குகிறார். கண்ணால் பார்த்தால்தான் கால் அந்த இடத்துக்குப் போகிறது. டிரைவருக்குப் பழகிவிட்டது, இன்ஜினை உறுமவிடாமல் காத்திருக்கிறார். இன்று அவருடைய கால் படியின் விளிம்பில் பட்டு ஒருமுறை வழுக்கியது. உடனே சரியாக வைத்துக்கொண்டார். திரும்பி என்னைப் பார்த்து, "படி ஈரம்" என்றார்.